சௌராஸ்தா சந்தை மாடியில் வாங்கிய 1998ஆம் ஆண்டுக் கட்டு

மலேசியாவின் பினாங்கில், பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பலருக்குத் தெரிந்ததே. அவற்றுள் ஒரு கடையில் பழைய நாளிதழ்களையும் வார இதழ்களையும் ஆண்டுவாரியாகப் பிரித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி விற்கிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்துதான் இருக்கும். மொழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நான் எடுத்தது 1998.

நாடு நாடாகப் பிரித்து எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் கிடைக்காத ஒன்று இந்தக் கட்டில் கிடைக்கிறது. எந்தச் செய்தி எந்தச் செய்தியின் பக்கத்தில் வந்து விழுந்தது என்பதை இதில் கண்ணால் பார்க்கலாம். மே மாத இதழ்களே இதற்குப் போதுமான சான்று. 11ஆம் தேதியும் 13ஆம் தேதியும் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்துகிறது. இடையில் 12ஆம் தேதி ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். 21ஆம் தேதி, 32 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ பதவி விலகுகிறார். மாதம் முடிவதற்குள் பாகிஸ்தானும் சோதனை நடத்திவிடுகிறது. இவை அனைத்தும் ஒரே மாதத்துக்குள் நடந்தவை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தாலும், அடுத்தடுத்த தாள்களைப் புரட்டும்போது ஏற்படும் மூச்சுமுட்டல் வேறு.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஜனவரியில் வந்த ஒரு புகைப்படம். ஆசிய நாணய நெருக்கடியின் நடுவே, 15ஆம் தேதி அனைத்துலக நாணய நிதியத்தின் உடன்படிக்கையில் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திடுகிறார். நிதியத்தின் தலைவர் மிஷேல் காம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்க்கிறார். கைகட்டி நிற்பது நமக்குப் பணிவு என்பதால், யார் யாருக்குப் பணிந்து நிற்கிறார் என்று தமிழ்க் கண்ணுக்கு ஒரு கணம் தடுமாற்றம் வரலாம். இந்தோனேசியர்கள் தடுமாறவில்லை, அதில் அந்நிய எசமானனைத்தான் கண்டார்கள்.

நம் நாட்டுக் கதையை முதல் பக்கங்களைவிட, உள்ளே பொடி எழுத்தில் வரும் நாணய மாற்று அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.80 வெள்ளியையும் தாண்டிய மதிப்பு, மாதக்கணக்கில் ஏறி இறங்கி, செப்டம்பர் 2ஆம் தேதி 3.80இல் கட்டிப்போடப்படுகிறது. அதே நாளில்தான் துணைப்பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அந்த 3.80 பிறகு 2005 ஜூலை வரை அசையவில்லை.

இந்தக் கட்டில் உள்ள குறையும் செப்டம்பரில்தான் இருக்கிறது. 20ஆம் தேதி இரவு அன்வார் கைதானார். மறுநாள் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் நிறைவு விழா. அவ்விரு நாள்களையும் ஒட்டிய இதழ்களில் யாரோ பிளேடால் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். கைதுச் செய்தியை எடுத்தவர், தாளின் மறுபக்கத்தில் இருந்த பதக்கப் பட்டியலையும் பாதியாக்கிவிட்டுப் போயிருக்கிறார். மக்கள் வெட்டி வைத்துக்கொள்ள விரும்பும் பக்கங்கள்தான் கட்டில் இல்லாமல் போகும் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் முழு ஆண்டு என்று சொல்லி முழு விலை வாங்குவது முறையன்று. வாங்குவதற்கு முன் பிரித்துப் பார்க்கக் கேட்டதற்கு, “கட்டைப் பிரிச்சா திரும்ப இந்த மாதிரி கட்ட முடியாது தம்பி” என்று கடைக்காரப் பெரியவர் மறுத்துவிட்டார். பிறகு குறையைச் சொன்னபோது, வாதாடாமல் 15 வெள்ளியைத் திருப்பித் தந்தார்.

ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் கைவிரித்ததற்கும், நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டதற்கும் இந்தக் கட்டில் கிடைத்த இடம் குறைவு. கிளிண்டனின் அந்தரங்க விவகாரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம். இது கடையின் குறையன்று; அன்றைய ஆசிரியர்களின் தேர்வு.

தாள்கள் ஓரத்தில் பழுத்திருந்தாலும் ஒடியவில்லை. அந்துருண்டை நெடி மட்டும் சில நாள் வெயிலில் வைத்தால்தான் போகும். வரலாற்று ஆசிரியர்களுக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேதமில்லாத முழுத் தொகுப்பைத் தேடும் சேகரிப்பாளர்கள் இதற்காக மாடியேற வேண்டாம். கடையில் ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள், கட்டும் நல்ல கனம். வண்டியில் வருவது நல்லது.