நெருக்கடியான வீட்டில் படிக்கட்டு: இரும்புச் சுழல்படியா, லேண்டிங் வைத்த கான்கிரீட் படியா?

20-க்கு 30 மனையில் மாடி வீடு கட்டும்போது, படிக்கட்டுக்குக் கோடு போட்ட பிறகுதான் ஹால் எவ்வளவு சிறுத்துவிட்டது என்று தெரியும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் சுழல்படி போட்டுவிடலாமே என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது. இடத்தை மட்டும் பார்த்தால் அதில் தப்பே இல்லை.

தரைக்குத் தரை 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 7 அங்குல உயரத்தில் ஏறினால் 18 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவிலுள்ள உயரம்) வரும். நடுவில் லேண்டிங் (படி திரும்பும் இடத்தில் வரும் தட்டையான மேடை) வைத்துத் திருப்பினால் கீழே 8 மிதி (கால் வைக்கும் தட்டு), மேலே 8 மிதி. மிதி 10 அங்குலம், படி அகலம் 3 அடி என்றால் நீளத்தில் 9 அடி 8 அங்குலமும், இரண்டு வரிசைக்கும் நடு இடைவெளிக்குமாக அகலத்தில் 6 அடி 4 அங்குலமும் போய்விடும். கிட்டத்தட்ட 61 சதுர அடி. 5 அடி விட்டத்துச் சுழல்படி 5-க்கு 5 அடிச் சதுரத்தில், அதாவது 25 சதுர அடியில் முடிந்துவிடுகிறது. (படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் லேண்டிங்கையும் சேர்த்து 17 மிதி என்று காட்டலாம், மாடித் தரையையும் ஒரு படியாக எண்ணாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.)

சுழல்படி செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். துருப் பிடிப்பது ஊரையும் பிரைமரையும் பொறுத்தது, ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. அதே உயரத்தைச் சுழல்படியில் 17 ஏற்றமாகப் பிரித்து, மிதிக்கு 30 டிகிரி என்று வைத்தால் 16 மிதியில் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று வரும். எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதை இந்தச் சுற்றுதான் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் ஸ்லாபில் ஓட்டை விட்டால் கடைசி மிதி சுவரைப் பார்த்து நிற்கும். நடுக்குழாயிலிருந்து தள்ளி, மையத்துக்கு 20 அங்குலத்தில் கால் வைத்தால் மிதி பத்தரை அங்குலம் கிடைக்கும். எதிரே ஒருவர் வந்து உள்பக்கம் ஒதுங்கினால் 12 அங்குலத்தில் மிதி ஆறே கால் அங்குலம்தான். இறங்கும்போது சறுக்குவது அங்கேதான்.

ஆனால் நான் கான்கிரீட் படியின் பக்கம் சாய்வதற்குக் காரணம் நடப்பது அல்ல, தூக்குவது. 4 அங்குலக் குழாயும் கைப்பிடியும் போக 5 அடிச் சுழல்படியில் மிஞ்சும் அகலம் 26 அங்குலம். ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 19 அங்குல ஆழமுள்ள இரும்பு பீரோ அதில் திரும்பாது. கட்டிலைக் கழற்றி ஏற்றலாம். தேங்காய் நார் மெத்தையை மடிக்க முடியாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும், வீடு மாறும்போது அதே வழியில் இறக்கவும் வேண்டும். சாமானுக்காவது கயிறு இருக்கிறது. மாடியில் படுத்துவிட்ட மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து இறக்க அந்தச் சுற்றில் இடமில்லை.

லேண்டிங் வைத்த படியில் பீரோவைப் பக்கவாட்டில் கிடத்தித் தூக்கினால் 19 அங்குல அகலம்தான் பிடிக்கும். லேண்டிங்கில் நிமிர்த்தி, பக்கத்து வரிசைக்கு நகர்த்தி, மறுபடி சாய்த்து ஏற்றிவிடலாம். அதனால் லேண்டிங்கை மட்டும் படி அகலத்தைவிட 3 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

நீளம் போதவில்லையா? லேண்டிங்கின் ஒரு பாதியை மூன்று முக்கோணப் படியாக மாற்றினால் 10 அங்குலம் மிச்சம். இரண்டு பாதியையும் மாற்றினால் 20 அங்குலம் மிச்சம், ஆனால் பீரோவை நிமிர்த்தி வைக்கத் தட்டையான இடமே இருக்காது. ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்வதே என் கட்சி.

மாடியை வாடகைக்கு விடுவதென்றால் வீட்டுக்குள் படி என்ற யோசனையே வேண்டாம், வெளிப்படிதான். மொட்டைமாடிக்கு மட்டும் போக வேண்டுமென்றால் சுழல்படி தாராளமாகப் போதும்.

கான்கிரீட் படியில் அடிக்கடி நடக்கும் தப்பு சென்ட்ரிங்கில், அதாவது கான்கிரீட் போடுவதற்கு முன் அடிக்கும் பலகை அச்சில். எல்லா ஏற்றத்தையும் 7 அங்குலமாகவே அடித்துவிடுவார்கள். பிறகு தரையில் டைல்ஸ் சாந்தோடு 3 அங்குலமும், மிதியில் கிரானைட் ஒன்றரை அங்குலமும் ஏறும். முதல் படி ஐந்தரையாகக் குறையும், கடைசிப் படி எட்டரையாக உயரும். தினமும் கால் இடிக்கும். சென்ட்ரிங் அடிக்கும்போதே முதல் ஏற்றத்தை எட்டரை, கடைசி ஏற்றத்தை ஐந்தரை என்று சுவரில் சாக்பீஸால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.