பிள்ளையார்பட்டி கருங்காலி மாலைக் கடை: மாலைக்கு 5 ஸ்டார், அக்கா வீட்டுக்கு இரண்டரை

கடை என்று சொன்னாலும் அது ஒரு சாக்கு விரிப்புதான். கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு நரிக்குறவர் அக்கா பாசிமணி, ஊசி, துளசி மாலை எல்லாம் பரப்பி உட்கார்ந்திருப்பார். 108 மணி கருங்காலி மாலை கேட்டேன், பேரம் பேசி 350 ரூபாய். இன்ஸ்டாவில் இதையே 1,500 என்று தள்ளுகிறார்கள். அசலா என்று கேட்டதற்குச் சத்தியமெல்லாம் பண்ணவில்லை, சொம்புத் தண்ணீரில் இரண்டு மணியைப் போட்டார், ஒன்று மூழ்கியது, ஒன்று மிதந்தது. "மிதக்கிறது சாயம் போட்ட மரம் தம்பி, 100 ரூபாய், உனக்கு எது வேணும்?" (மூழ்குவதெல்லாம் கருங்காலி இல்லை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே வாங்கினேன்.)

மூன்றே வாரத்தில் ஒரு இடத்தில் கம்பி விட்டுப் போனது. போன் பண்ணினேன், வீட்டுக்கே வா என்றார். பேருந்து நிலையம் பக்கம் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களை ஊருக்கு வெளியே புதுக் காலனி கட்டிக் குடியேற்றியிருக்கிறார்கள், அங்கேதான்.

வீட்டைக் குறை சொல்ல முடியாது, கான்கிரீட் தளம், ஒழுகாது, பாம்பு வராது, கழிப்பறை உண்டு. ஆனால் அக்கா உட்கார்ந்திருந்தது வெளியே வேப்பமரத்தடியில். ஒரே கூடத்தில் கட்டில், அடுப்பு, பீரோ, இதில் மணிச் சட்டியை எங்கே பரப்புவது, கம்பி முறுக்க வெளிச்சம் ஏது? சாமி மூட்டை (குலதெய்வத்துக்கான பொருட்களைக் கட்டி வைக்கிற மூட்டை) வைக்க இருந்த ஒரே பரணும் கழிப்பறைச் சுவரை ஒட்டி. அதில் வைக்க மனசு வராமல் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ச் செட்டியார் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்வார் என்பது வரைக்கும் யோசித்துக் கட்டியிருப்பார்கள். அந்த அளவு வேண்டாம், முன்னால் ஒரு திண்ணை வைத்திருக்கலாம். கட்டும்போது யாராவது வந்து கேட்டார்களா என்றேன், சிரித்தார்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் நரி, காடை பிடிக்கிற வேலை போய் இவர்களுக்குப் பாசிமணிதான் பிழைப்பு. அது ஓட ஜனக் கூட்டம் வேண்டும், பிள்ளையார் சதுர்த்தி வேண்டும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி கிளம்புகிற நாள் வேண்டும். பொட்டலில் வீட்டைக் கொடுத்தால் யாரிடம் விற்பது? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி, பஸ் வந்தால்தானே. 2023 ஜனவரியில் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த பிறகு மகளுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாம், அதை மட்டும் பீரோவிலிருந்து எடுத்து வந்து காட்டினார்.

பேசிக்கொண்டே குறடால் பித்தளைக் கம்பியை வளைத்து மணிக்கு மணி தனித்தனியாகக் கொக்கி போட்டுக் கொடுத்தார், இனி ஒன்று அறுந்தாலும் மற்றது சிதறாது. காசு வேண்டாம் என்றவரிடம் 20 ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் பத்து மணிக்கு மேல் போங்கள். காலை முதல் பஸ்ஸை விட்டால் அக்காவுக்கு அடுத்தது ஒன்பதரைக்குத்தான்.