பழுதுபார்ப்பதா, வாங்குவதா, இடித்துக் கட்டுவதா: மும்பை சால்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

மாட்டுங்காவில் என் பெரியப்பா முப்பது வருடம் குடியிருந்த சால் கட்டடத்தின் மரப்படிக்கட்டு அத்தனை செங்குத்து. பிடித்து ஏற மேலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கும். பத்துக்குப் பதினைந்தில் ஓர் அறை, வெளியே பொது நடை, நடையின் கோடியில் எல்லோருக்குமான கழிப்பறை. மாத வாடகை அறுபது ரூபாய். பழுதுபார்ப்புக்கென்று கட்டும் 'செஸ்' வரி தனி. நடையின் அடியில் இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்திருந்தார்கள். மழைக்காலம் முடிகிறவரைதான் என்று சொல்லி நட்டவை. நான் பள்ளி முடித்து வேலைக்குப் போன பிறகும் அவை அங்கேயேதான் நின்றன.

இப்படி செஸ் கட்டும் பழைய கட்டடங்கள் மும்பைத் தீவு நகரில், அதாவது கொலாபாவிலிருந்து மாகிம், சயான் வரை, 1969 சட்டத்தின் கணக்கில் 19,642. இன்னும் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கின்றன. இவை ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1947-ல் வந்த சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்திவிட்டது. வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிப்பதைக்கூட விட்டுவிட்டார். இப்படி வாடகையை உறைய வைத்தது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் சொன்னது. 1999-ல் வந்த புதுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்த்தலாம் என்றது. அறுபது ரூபாயில் 4 சதவீதம் என்றால் இரண்டு ரூபாய் நாற்பது காசு. அதில் எந்த உத்தரத்தை மாற்றுவது?

சரி, கட்டடத்தைக் காப்பாற்ற என்னென்ன வழிகள் இருக்கின்றன? என் அளவுகோல் இரண்டு. இன்று உள்ளே இருப்பவர் பத்திரமாக அங்கேயே இருப்பாரா? நாளைக்கு தாதர் ரயில் நிலையத்தில் பெட்டியோடு வந்து இறங்குகிறவருக்குக் கட்டுப்படியாகிற அறை ஒன்றாவது மிஞ்சுமா? பொதுவாக விவாதங்களில் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் வழி பழுதுபார்ப்பு. செஸ் பணத்தோடு அரசுப் பணமும் சேர, மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பான மாடாவின் (MHADA) பழுதுபார்ப்பு வாரியம் வேலையைச் செய்து கொடுக்கும். யாரும் ஊர் மாறவேண்டாம், வாடகை வாடகையாகவே இருக்கும், செலவும் குறைவு. குறை என்னவென்றால், சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மிச்சத்தைக் குடித்தனக்காரர்கள் போடவேண்டும். முடியாவிட்டால் கட்டடத்துக்கு 'இனி பழுதுபார்த்துப் பயனில்லை' என்ற முத்திரை விழும். வரம்புக்குள் வேலையை முடிக்கவேண்டும் என்பதால் அழுகிய உத்தரத்தை மாற்றுவார்கள். அதைத் தாங்கும் ஈரச் சுவரை விட்டுவிடுவார்கள். அடுத்த ஜூனில் அதே சுவர் ஊதும்.

இரண்டாவது வழி வாங்குவது. எனக்கு ரொம்பப் பிடித்ததும், ரொம்பச் சிக்கலானதும் இதுதான். 1986-ல் மாடா சட்டத்தில் 8-ஏ அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். குடியிருப்பவர்களில் 70 சதவீதம் பேர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், அரசு கட்டடத்தை எடுத்துச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். விலை, மாத வாடகையின் நூறு மடங்கு. பெரியப்பா அறைக்குக் கணக்குப் போட்டால் ஆறாயிரம் ரூபாய். மாட்டுங்காவில் இன்று அந்தப் பணத்துக்கு ஒரு சதுர அடிகூடக் கிடைக்காது. வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் 1991-ல் தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். மூன்று நீதிபதிகளிடமிருந்து ஐந்து, ஏழு என்று ஏறி, 2002-ல் ஒன்பது நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டது. தீர்ப்பு வந்தது 2024 நவம்பர் 5-ல். தனியார் சொத்து எல்லாவற்றையும், பொதுநன்மைக்காகப் பகிரவேண்டிய சமூகத்தின் பொருள் வளமாகக் கருதமுடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு அதற்குள் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும்.

விலைதான் இதில் கோளாறு என்பது என் எண்ணம். நூறு மடங்குக்குப் பதில் வீட்டுக்காரர் ஏற்கும்படி ஒரு தொகையை வைத்திருந்தால் இத்தனை இழுபறி வந்திருக்காது. இன்னொரு ஓட்டையும் உண்டு. வாங்குவதற்கு வழி சொன்ன சட்டம், வாங்கிய பிறகு உத்தரத்தை மாற்றும் பணத்துக்குச் சரியான வழி சொல்லவில்லை.

மூன்றாவது, நகரமே தேர்ந்தெடுத்துவிட்ட வழி: மும்பை கட்டட வளர்ச்சி விதிகளில் 33(7)-ன்படி இடித்துக் கட்டுவது. பில்டர் பழைய குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 300 சதுர அடி வீடு இலவசமாக, சொந்தமாகவே கொடுக்கவேண்டும். அதற்கு ஈடாகக் கூடுதல் உயரம் கட்டி வெளியே விற்றுக்கொள்ளலாம். அரசுக்குச் செலவில்லை, 150 சதுர அடிக்காரருக்கு 300, உள்ளேயே கழிப்பறை. யார் வேண்டாம் என்பார்? என் பெரியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி நடையின் கோடி வரை போய் வந்த கால்கள் அவருடையவை.

ஆனால் இந்த வழி முதல் வழியைக் கொன்றுவிடுகிறது. நாளைக்கு இடிக்கப்போகிற கட்டடத்துக்கு இன்றைக்கு யார் சிமெண்ட் பூசுவார்? பெண்டி பஜாரின் ஹுசைனி கட்டடம் பெரிய மறுகட்டுமானத் திட்டத்துக்குள் இருந்தது. அபாயக் கட்டடம் என்று நோட்டீஸும் போயிருந்தது. 2017 ஆகஸ்ட் 31 காலையில் அது சரிந்து 33 பேர் செத்தார்கள். உயிரோடு காலி செய்து போகிறவர்களுக்கோ வேறு கவலை. பில்டர் நடுவில் கையை விரித்தால் டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்பிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். கட்டி முடித்துக் கொடுத்தாலும் லிஃப்ட், பம்பு, காவலாள் என்று மாதாமாதம் வரும் பராமரிப்புத் தொகை பழைய வாடகையைப் போல எத்தனையோ மடங்கு.

முக்கியமான விஷயம் வேறு. இடித்துக் கட்டினால் குடித்தனக்காரர் பிழைப்பார், வாடகை அறை பிழைக்காது. 1920-களில் அரசே கட்டிய, அரசே வீட்டுக்காரராக இருந்த பி.டி.டி. (பம்பாய் வளர்ச்சித் துறை) சால்களும் இப்படித்தான் போகின்றன. 160 சதுர அடி வாடகை அறைக்குப் பதில் 500 சதுர அடி சொந்த வீடு. வோர்லியில் 2025 ஆகஸ்டில் முதல் 556 வீடுகளின் சாவி கொடுத்தார்கள். குடும்பங்களுக்குச் சந்தோஷம்தான், அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசு கையில் இருந்த வாடகை அறைகள் குறைந்தன என்பதும் உண்மை.

பழைய சால் புதிதாய் வருகிறவருக்குத் திறந்த வீடாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். 'பகடி' கொடுத்தால்தான் உள்ளே போகமுடியும். தமிழில் பகடி என்றால் கேலி. அங்கே பகடி என்றால் தலைப்பாகை, அதாவது வாடகை உரிமையைக் கைமாற்றக் கொடுக்கும் பெருந்தொகை. அதில் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு. இரண்டு மொழிப் பொருளும் அந்த வழக்கத்துக்குப் பொருந்தும்.

வாங்கி, பழுதுபார்த்து, வாடகைக்கே விடுவது என்ற நான்காவது வழியை மும்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெர்லின் நகரத்தின் சொந்த வீட்டு நிறுவனங்கள் 2021-ல் இரண்டு பெரிய தனியார் வீட்டு நிறுவனங்களிடமிருந்து ஏறக்குறைய 14,750 வீடுகளை 246 கோடி யூரோவுக்கு வாங்கின. பல கட்டடங்கள் பழசு, வாங்கிய பிறகும் செலவு காத்திருந்தது. அந்தப் பணத்தில் ஒரு புது வீடும் எழும்பவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். என்றாலும் அந்த வீடுகள் வாடகை வீடுகளாகவே இருக்கின்றன. மும்பை நில விலையில் இதை மொத்தமாகச் செய்ய முடியாது. வீட்டுக்காரரே விட்டுத்தொலைக்க நினைக்கும் சிறு கட்டடங்கள் நிறைய இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம், செஸ் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே போதும், பத்துக் கட்டடத்திலாவது முயன்று பார்த்துவிடலாம்.

பெரியப்பாவின் கட்டடம் மூன்றாவது வழியில் போனது. கயிறு தொங்கிய இடத்தில் இப்போது லிஃப்ட். அண்ணன் அந்த 300 சதுர அடியை வாடகைக்கு விட்டுவிட்டு டோம்பிவிலிக்குப் போய்விட்டார். திருநெல்வேலிப் பையன்கள் மூன்று பேர் அதில் சேர்ந்து இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் ஒரு மாத வாடகை, பெரியப்பா முப்பது வருடத்தில் கொடுத்த மொத்த வாடகையைவிட அதிகம்.