பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறிச் சில வருடம் பாவித்த பிறகு

முதலே சொல்லிவிடுகிறேன், கூகிளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதுகிற எல்லாரும், காசுக்கு இடம் எடுத்து நாமே நடத்துகிற வேர்ட்பிரஸுக்கு ஓடத் தேவையில்லை. மாற்ற வேண்டியது முகவரியை. பிளாக்ஸ்பாட் என்று முடிகிற முகவரியை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு டொமைன், அதாவது தளப்பெயர், வாங்கி, அதைப் பிளாக்கரோடேயே பொருத்திவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதற்குப் பிறகு உள்ளே ஓடுவது பிளாக்கரா வேர்ட்பிரஸா என்று வாசிக்கிறவருக்குக் கவலை இல்லை.

நான் எழுதுவது வன்னியைப் பற்றித்தான். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல், வற்றாப்பளைப் பொங்கல், இப்படி. வாசிக்கிறவர்களில் பெரும்பகுதி கனடா, லண்டன், பாரிஸ் பக்கம்; பழைய இணைப்புகளை வைபரில் வருடக்கணக்காகச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிற ஆட்கள். அந்த இணைப்பு செத்தால் அவர்கள் தேடி வரப்போவதில்லை, தளம் போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள். அதனால் 2021 இல் மாறும்போது என் பயமெல்லாம் முகவரியில்தான் இருந்தது, எழுத்தில் இல்லை.

எழுத்து லேசாக வந்துவிடும். நான் மாறியபோது பிளாக்கரின் அமைப்புகளில் காப்புப்பிரதி எடுத்ததும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கியது; வேர்ட்பிரஸின் இறக்குமதிப் பகுதியில் பிளாக்கரைத் தெரிவுசெய்து அதைக் கொடுத்தால் பதிவு, வரைவு, கருத்து எல்லாம் வந்து அமரும், லேபிள்கள் வகைகளாக மாறும். சரி, கோப்பு பெரிதென்று சேர்வர் ஏற்காவிட்டால் பதிவேற்ற அளவைக் கூட்டச் சொல்லி, தளத்துக்கு இடம் தருகிற ஹோஸ்டிங்காரரிடம் கேட்கலாம்.

படம்தான் ஏமாற்றும். அந்தக் கோப்பில் படம் கிடையாது, படத்தின் முகவரி மட்டும்தான். புதுத் தளத்தில் திறந்து பார்த்தால் எல்லாப் படமும் தெரியும், ஆனால் அவை இன்னமும் கூகிளின் சேர்வரிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். பழையதை அழித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெளிப்படங்களை இழுத்து வந்து நம் தளத்திலேயே சேமிக்கிற செருகிகள் (பிளகின்கள்) இருக்கின்றன. ஆனால் ஓடவிட முன்னம் ஒரு வேலை செய்ய வேண்டும். பிளாக்கர் பட முகவரியின் நடுவில் எஸ்320 என்றோ எஸ்400 என்றோ ஒரு துண்டு இருக்கும், அது படத்தின் அளவு. அப்படியே இழுத்தால் தபால்தலை மாதிரிச் சின்னப் படம்தான் வரும். எக்ஸ்எம்எல்லை ஒரு எடிட்டரில் திறந்து அந்தத் துண்டுகளை எஸ்1600 என்று மாற்றிவிட்டு இறக்குமதி செய்தால் பெரிய படம் வரும். எஸ்0 என்று போட்டால் ஏற்றியபோது இருந்த அளவே வரும். புதிய பதிவுகளில் அகலமும் உயரமும் தனித்தனியாக இருக்கும், அவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும். இதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நன்மை: படம் கூகிளிடமிருந்து நேரே ஹோஸ்டிங் சேர்வருக்குப் போகிறது, நம்முடைய டேட்டா கரைவதில்லை. கணினியில் இறக்கித் திருப்பி ஏற்றுகிறேன் என்று போனால் இரவு டேட்டாவுக்காக நடுச்சாமம் வரை முழித்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு பிளாக்-போஸ்ட் என்றும், மேலே ஒரு எண்ணும் போட்டு முகவரி அமைக்கும். எதைப் பற்றிய பதிவு என்று பார்த்துத் தெரியாது, ஆனால் சின்னது. வேர்ட்பிரஸ் நேர்மாறு, தமிழை அப்படியே எடுத்து சதவீதக் குறிகளாக மாற்றிவிடும், ஒரு குறிக்கு ஒன்பது இடம். புள்ளி, அரவு, கொம்பு எல்லாம் தனிக்குறிகள் என்பதால் வற்றாப்பளை என்ற சொல்லே 90 இடத்தைத் தின்றுவிடும், மொத்தம் இருப்பதோ 200. நீளத் தலைப்பு பாதியில் வெட்டுப்படும், வைபரில் ஒட்டினால் அரைத் திரைக்குக் குப்பை மாதிரித் தெரியும். ஆகவே புதுப் பதிவுகளுக்கு முகவரியை ஆங்கில எழுத்தில் நானே தட்டிவிடுகிறேன். பழையவற்றுக்கு நிரந்தர இணைப்பு அமைப்பில் வருடம், மாதம், பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்று பிளாக்கரின் ஒழுங்கையே வைத்து, பதிவின் பெயரையும் பழைய பிளாக்-போஸ்ட் பெயராகவே விட்டுவிட்டேன். அழகில்லைதான், இணைப்பு உயிரோடு இருக்கிறது.

பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களுக்கு வழி, பிளாக்கரில் அந்த டொமைனைப் பொருத்தியபடியே விட்டுவைப்பது. டொமைன் வேறு சேர்வருக்குப் போன பிறகும் பிளாக்கர் ஆட்களை அங்கே அனுப்பும். நடுவில் ஒரு பக்கம் வந்து இந்தத் தளம் பிளாக்கரில் இல்லை, தொடரவா என்று கேட்கும். வயது போனவர்கள் சிலர் அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து எனக்குக் கோல் எடுத்தார்கள். "அன்ரி, பயப்பிடாதேங்கோ, அமத்துங்கோ" என்று இப்பவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருத்துகள் வந்தன, முகங்கள் வரவில்லை. பிளாக்கர் கோப்பில் கருத்திட்டவரின் மின்னஞ்சல் இருக்காது, எல்லாருக்கும் ஒரே பொது முகவரிதான். வேர்ட்பிரஸ் மின்னஞ்சலை வைத்துப் படம் காட்டுவதால் அத்தனை பேரும் ஒரே சாம்பல் உருவமாக நிற்கிறார்கள். பரவாயில்லை, சொற்கள் இருக்கின்றனவே. என் தளத்தில் பதிவை விடக் கருத்துக்குத்தான் பெறுமதி. குளக்கட்டுப் படம் ஒன்றின் கீழே, "தம்பி, அந்த மருதமரத்துக்குப் பின்னால தெரியிறது எங்கட வயல், தண்ணி திறக்கிற துருசு நீர் சொன்ன பக்கம் இல்லை, வலக்கைப் பக்கம், நீர் எழுதினது பிழை" என்று ஒருவர் எழுதியதை நான் எங்கே போய்த் தேடுவது? கூகிள் பிளஸ் வழியாகப் போட்ட கருத்துகள் மட்டும் 2019 இல் அந்தச் சேவையை மூடியபோதே போனவை. அவற்றை எந்தக் காப்புப்பிரதியும் தராது.

பாவிக்கப் பாவிக்கப் பிடித்தது இரண்டு விடயம். வகைகளுக்குள் வகை வைக்கலாம், அதனால் மாவட்டம், பிரதேசம், ஊர் என்று அடுக்க முடிகிறது. பதிவின் முன்னைய வடிவங்களும் சேமிப்பில் இருக்கும், ஒருவர் திருத்தம் சொல்லி மாற்றினாலும் பழையதைப் பார்க்கலாம்.

அப்புறம் பாமினி, யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. கோயில் மலர், பாடசாலை மலர் என்று முந்தி பாமினியில் அடித்தவற்றை என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி இங்கே சேர்த்து வருகிறேன். மாற்றியதை அப்படியே நம்பக்கூடாது. கௌதாரிமுனை என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் வந்து விழுந்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடினால் ஒன்றுக்கு மற்றது அகப்படாது. பூநகரிப் பக்கத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

காசுக் கதைக்கு வருவோம். ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று முதல் வருடத்துக்கு மலிவாகத் தந்துவிட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்டது. அதுவும் 2022 இல். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதம் 360 இல் நின்றது. மாதக்கடைசியில் சம்பளம் எடுக்கிற ஆளுக்கு அது சின்ன விடயமில்லை. வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், அது பிளாக்கரிலிருந்து வந்ததை விட லேசாக முடிந்தது, ஏனென்றால் டொமைன் என்னுடையது. அதே மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, தளம் வெளிநாட்டுச் சேர்வரில் ஓடிக்கொண்டே இருந்தது, அதைத் திருத்தத்தான் எனக்கு லப்டொப்பில் சார்ஜ் இல்லை.

பராமரிப்பும் நம் தலையில்தான். செருகிகளைப் புதுப்பிக்க வேண்டும், குப்பைக் கருத்துகளை வடிகட்ட வேண்டும், கடவுச்சொல்லைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவர்களைத் தடுக்க வேண்டும். காப்புப்பிரதிக்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற செருகியை வைத்து கூகிள் டிரைவுக்கு அனுப்புகிறேன், இதுவரை குறையில்லை.

மல்லாவிப் பக்கம் எழுதுகிற தம்பி ஒருவர் மாறட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாதத்துக்கு ஒரு பதிவு போடுகிறவருக்குப் பிளாக்கரே போதும், செலவில்லை, காவலும் தேவையில்லை. டொமைனை மட்டும் வாங்கச் சொன்னேன், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, வங்கி அட்டை காலாவதியாக முன்னம் புது அட்டையின் விவரத்தைக் கொடுக்கச் சொன்னேன். பழைய பிளாக்கரை எந்தக் காரணத்துக்கும் அழிக்க வேண்டாம் என்றும்.