கோதுமையா, ரையா? மூன்று பர்பன்களின் மணம், சுவை, ஃபினிஷ்

மூக்கை மட்டும் நம்பி பர்பன் விஸ்கி வாங்காதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி எல்லா பர்பனும் உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் பாத்திரத்தில்தான் ஊற வேண்டும். நிறமோ எசென்ஸோ சேர்க்கக் கூடாது. சூட்டில் ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலா வாசம் தருகிறது. மரத்துக்குள் இருக்கும் சர்க்கரை கேரமலாகிறது. அதனால் எந்த பாட்டிலைத் திறந்தாலும் முதலில் ஏறுவது இந்த இரண்டும்தான். எது எந்த பர்பன் என்று காட்டிக்கொடுப்பது விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவை, அதாவது ஃபினிஷ். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தானியம். குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் கட்டாயம்; மிச்சத்தில் என்ன சேர்க்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் மூன்று பாட்டில்களை எடுத்துக்கொள்வோம்: மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி 101, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல்.

சிவப்பு மெழுகு வழியும் மேக்கர்ஸ் மார்க்கில் 70 சதவீதம் மக்காச்சோளம், 14 சதவீதம் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி). வழக்கமாக ரை என்ற காரமான தானியம் போகும் இடத்தில் 16 சதவீதம் கோதுமை. மணத்தில் தேனும் வெனிலாவும், சுடச்சுட ரொட்டி வாசமும். சுவை நாக்கின் நுனியிலேயே இனிப்பாக உட்கார்ந்துகொள்கிறது. 45 சதவீத ஆல்கஹால் என்றாலும் தொண்டையில் உறுத்தல் இல்லை. ஆனால் ஃபினிஷ் சீக்கிரம் கலைந்துவிடுகிறது. இரண்டு ஐஸ் கட்டி போட்டால் அதுவும் போச்சு.

வைல்ட் டர்க்கி 101 நேர் எதிர். பெயரில் இருக்கும் 101 அதன் ப்ரூஃப், அதாவது ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு; ஆல்கஹால் 50.5 சதவீதம். பீப்பாயை நான்காம் எண் எனப்படும் ஆழ்ந்த கருக்கல் வரை, மரம் முதலைத் தோல் போல வெடிக்குமளவு, கருக்குகிறார்கள். பீப்பாயில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதம் வரை சட்டம் அனுமதித்தாலும் இவர்கள் 57.5 சதவீதத்திலேயே ஊற்றுகிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது அதிகம் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை; பீப்பாயிலிருந்து வந்த சுவை அடர்த்தியாகவே மிஞ்சுகிறது. முற்றிய கேரமல், பட்டை, ஆரஞ்சுத் தோல், நடுவில் மிளகுக் காரம். அப்புறம் நெஞ்சுவரை ஒரு சூடு இறங்கி வெகுநேரம் நிற்கிறது. விஸ்கியில் சர்க்கரையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் சேர்க்கும் ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயில் கலக்க இந்த மூன்றில் இதுதான் சரி. சர்க்கரைக்கும் பிட்டர்ஸுக்கும் இது அடங்காது.

என் ஓட்டு ஃபோர் ரோசஸுக்கு. இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட் என்று பத்து செய்முறைகளை வைத்திருக்கும் டிஸ்டில்லரி இது. சிங்கிள் பேரலுக்கு அவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும், ஓபிஎஸ்வி என்ற குறியீடு கொண்ட செய்முறையில் ரை மட்டும் 35 சதவீதம். அவ்வளவு ரை என்றால் காரம்தான் மேலோங்கும் என்று நினைப்போம். ஆனால் பழ மணம் தருவதற்கென்றே தேர்ந்த ஈஸ்ட் அதைத் தணித்துவிடுகிறது. கிளாஸில் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் 50 சதவீத ஆல்கஹால் மூக்கைச் சுடாது. முதலில் வெனிலா வரும். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கிளாஸைச் சுழற்றினால் அதன் அடியிலிருந்து பழுத்த பேரிக்காயும் செர்ரியும் எழும். ஒரு மிடறை வாயில் வைத்து மெதுவாக மென்று விழுங்குங்கள். பழம் முதலில் மறையும், கிராம்பு தங்கும், அதுவும் இறங்கியபின் நாக்கின் ஓரங்களில் உலர்ந்த ஓக்கின் துவர்ப்பு நிற்கும். இப்படிப் படிப்படியாக மாறிக்கொண்டே போகிற ஃபினிஷை மற்ற இரண்டும் தருவதில்லை.

பர்பனுக்கே புதியவர் என்றால் மேக்கர்ஸ் மார்க்கில் தொடங்கலாம், தப்பில்லை. ஐஸ் போட்டோ காக்டெயிலாகவோ குடிப்பவருக்கு வைல்ட் டர்க்கி போதும், கூடுதல் பணம் வீண். தண்ணீர் சொட்டு விட்டு நிதானமாக உறிஞ்சுபவர் ஃபோர் ரோசஸுக்குப் போகலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரே பீப்பாயிலிருந்து அடைப்பது என்பதால் பாட்டிலுக்குப் பாட்டில் சுவை கொஞ்சம் மாறும். கிடங்கு எண்ணும் பீப்பாய் எண்ணும் பாட்டிலிலேயே இருக்கும். பிடித்துப்போனால் குறித்துக்கொண்டு, தீர்ந்துபோவதற்குள் அதே எண்ணில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.