லிப்ரேஆஃபிஸ்: சந்தா கட்டாமல் தமிழில் எழுத

ஆண்டுச் சந்தா கட்டி அலுவலக மென்பொருள் பயன்படுத்தும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களுக்கும் லிப்ரேஆஃபிஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2010ஆம் ஆண்டில் ஓப்பன்ஆஃபிஸ் திட்டத்திலிருந்து கிளைத்த இத்தொகுப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. எத்தனை கணினிகளில் நிறுவினாலும் கட்டணமில்லை.

தமிழில் எழுதுவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இத்தொகுப்பில் ஆவணம் எழுதப் பயன்படும் ரைட்டர் செயலி ஆங்கில எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியே வைத்துக்கொள்வதால், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றது மாறவில்லையே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். மொழி அமைப்புகளில் தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்குரிய சிக்கலான உரை அமைப்புக்கான (Complex Text Layout) தெரிவைச் செயல்படுத்தி, அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ போன்ற இலவச எழுத்துருவை இயல்பாக்கிவிட்டால், நான்கு மொழிகளில் அறிவிப்பு தயாரிக்கும் நம் ஊருக்கு இந்தப் பிரிவினை பெரிய வசதியாகவே அமைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே மூல ஆவணத்தையும் பொதிந்து சேமிக்கும் வசதி. பெறுபவர் அதைச் சாதாரணமாகப் படிக்கலாம், திருத்த விரும்புபவர் அதே கோப்பை லிப்ரேஆஃபிஸில் திறந்து திருத்தலாம்.

குறைகளும் உண்டு. பிறர் அனுப்பும் வேர்ட் கோப்பின் எழுத்துரு நம் கணினியில் இல்லையென்றால் பக்க அமைப்பு நகர்ந்துவிடுகிறது. எக்செலில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களான மேக்ரோக்கள் அனைத்தும் லிப்ரேஆஃபிஸின் விரிதாள் செயலியான கால்க்கில் இயங்குவதில்லை என்பதால், அவற்றை நம்பிக் கணக்கு நடத்தும் கடைக்காரர்கள் பழைய கோப்புகளின் நகல்களைத் திறந்து சோதித்த பிறகே மாறுவது நல்லது.