கியர் சைக்கிளா, சாதா லேடீஸ் சைக்கிளா?

பல வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்ட நினைக்கிறீர்களா? கடையில் கியர் வண்டியைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை எல்லாம் சமதளம். ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அங்கே இறங்கித் தள்ளினால் போதும்.

பிஎஸ்ஏ லேடிபேர்டு மாதிரி சாதா வண்டியில் பார் தாழ்வாக இருப்பதால் சேலையோடும் ஏறி இறங்கலாம். செயின் கவர் சேலையையும் சுடிதாரையும் கிரீஸிலிருந்து காக்கும். கடைவீதிக்குப் போய்வர முன்கூடை வசதி. கோளாறு வந்தாலும் ஊர்க் கடையிலேயே சரிசெய்துவிடலாம்.

கியர் வண்டியில் பெரும்பாலும் முழு செயின் கவர் இருக்காது. விலையும் கூடுதல், பராமரிப்பும் கூடுதல். ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்கும்போது மட்டும் கியர் நிஜமாகவே உதவும். தினமும் தூரம் போகிறவர்கள் அதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது சாதா வண்டிதான். அப்புறம், உட்கார்ந்தபடியே கால் நுனி தரையில் படும்படி சீட்டை இறக்கித் தரச் சொல்லுங்கள்.